சுவரின் மறுபக்கம்

குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தங்கை சோறு வடிக்கும் நேரம். மேசன் அங்கே இல்லை. பக்கத்து அறைக்குள் போய், துணி அலுமாரியை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து, அதன் பின்னால் இருந்த வெறுஞ்சுவரில் உள்ளங்கையை ஊன்றி மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார். ஆறு எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டி வந்துவிட்டது.

“அண்ணை, அங்கை என்ன செய்யிறியள்? அடுப்பு இஞ்சையெல்லோ கிடக்கு.”

“அடுப்பு அங்கைதான். சூடு இஞ்சை வந்து நிக்குது.”

2022ஆம் ஆண்டு அது. ஊர்காவற்றுறையில் காஸ் சிலிண்டர் கண்ணில் படாத காலம். முந்திய ஆண்டுக் கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கும் அளவு மாறியதுதான் காரணமா என்று ஆராயக் குழு போட்டார்கள். அந்தப் பயம் தணிவதற்குள் டொலர் தட்டுப்பாடு வந்தது. பயப்படுவதற்குக்கூடக் காஸ் இல்லாமல் போயிற்று. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து சலித்த சனம் கடைசியில் தன் வளவுக்குள் திரும்பிப் பார்த்தது. கங்குமட்டை, பொச்சு, சிரட்டை, ஊமல் எல்லாம் அங்கேயே கிடந்தன.

விறகு இருந்தது, அடுப்பு வைக்கத்தான் இடமில்லை. போருக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் குசினி வீட்டின் வயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறங்குலச் சீமெந்துக்கல் சுவர், தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் சீற், சுவரில் பலகை அலுமாரிகள், காஸ் அடுப்புக்கென்றே போட்ட மேடை. அந்த மேடையில் சுவரோடு ஒட்டி மூன்று கல்லை வைத்துத் தங்கை நெருப்பு மூட்டியிருந்தார். அடுப்புக்கு நேர் கீழே, மேடையின் அடியில், பழைய சிலிண்டர் றப்பர்க் குழாயோடு அப்படியே நின்றது. மேசன் முதலில் தூக்கி வெளியே வைத்தது அதைத்தான். வெறும் சிலிண்டர் என்று நாம் சொல்வதற்குள் எப்போதும் கொஞ்சம் காஸ் மிச்சமிருக்கும்.

ஊரில் அவருக்கு மேசன் அண்ணை என்றுதான் பெயர். இங்கேயும் அதுவே போதும்.

குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அலுமாரியும் அலவாங்கும் அவர்களுடையவைதான். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர்கூடத் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். யானைகளைக் கப்பலேற்றிய துறை இது. அடுப்பைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்தால் தேவைப்படும்.

மேசன் தொழில் பழகியது தாய்மாமனிடம். கரம்பன், நாரந்தனை, சுருவில் பக்கத்துப் பழைய வீடுகளில் வேலை. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக ஒரு முழத்துக்கு மேல் அகலமான சுவர்கள். குசினி தனிக் கட்டடம்; அதற்கும் வீட்டுக்கும் நடுவே முற்றம். புகை வீட்டுக்குள் வரக்கூடாதென்று தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவர் அப்போது நினைத்தார். கூரை பனஞ்சிலாகையும் கிடுகும். குசினி எரிந்தாலும் வீடு மிஞ்ச வேண்டும் என்ற கணக்கும் அந்த முற்றத்துக்குள் இருந்தது என்பது விளங்க அவர் இன்னொரு கண்டத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அடுப்பைப் பற்றி மாமா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: முருகைக்கல்லை நெருப்புக்குக் காட்டாதே. தீவுப்பகுதியில் சுண்ணாம்புச் சூளை பார்த்து வளர்ந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சூளையில் போட்டு 850, 900 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் கல்லுக்குள் இருக்கும் கரியமிலவாயு கழன்று போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால் கொதித்து, பருத்து, மாவாகும். சூளை வேண்டுமென்று செய்வதை அடுப்பு சொல்லாமல் செய்கிறது. அந்த அளவு சூடு சுவருக்கு வராவிட்டாலும் தணல் பட்ட முகம் பொரியும், வெடிக்கும். கடற்காற்றின் ஈரம் மிச்ச வேலையைப் பார்க்கும். பத்து வருடம் எரிந்த அடுப்புக்குப் பின்னால் சுவர் குழி விழுந்து, கையால் தடவினால் பால்போல வெள்ளை ஒட்டும் வீடுகளை மாமா காட்டியிருக்கிறார். அதனால் அடுப்பின் முதுகுக்குச் செங்கல்லோ உடைந்த ஓட்டுச் சல்லியோ வைத்து, புற்றுமண்ணும் சாணியும் குழைத்துப் பூசுவார்கள். பூசியது வெடித்தால் மறுபடி பூசுவார்கள். அவ்வளவுதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு. அன்றைய கட்டடத்துக்கு அது போதும்.

1990, 91 காலத்தில் போரால் தீவுப்பகுதி சனமின்றிப் போயிற்று. மேசனும் சாந்தகப்பையைத் துணிப்பைக்குள் சுற்றிக்கொண்டு கிளம்பியவர். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று அலைந்து, கடைசியில் ரொறன்ரோ. முதல் இரண்டு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு நண்பர் மூலம் செங்கல் வேலைக்காரர் கோஷ்டி ஒன்றில் சேர்ந்தார். ரொறன்ரோவின் செங்கல், கொங்கிறீற் வேலைகளில் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் நிறைந்திருந்த காலம். அந்தக் கோஷ்டியின் போர்மனும் போர்த்துக்கேயர்தான்.

முதல் வாரத்தில் ஒரு பழைய புகைக்கூட்டைப் பெயர்க்க வேண்டி வந்தது. மேசனுக்கு அந்த ஆயுதத்தின் ஆங்கிலப் பெயர் வாயில் வரவில்லை. அவசரத்தில் “அலவாங்கு, அலவாங்கு” என்று கையை நீட்டினார். போர்மன் திரும்பிப் பார்த்தார். “அலவாங்க்கா?” என்று கேட்டு, சரியாக அதையே எடுத்துக் கையில் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குசினி, அலுமாரி, கதிரை, சாவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள்; எல்லாமே விளங்கின. நானூறு வருடத்துக்கு முன் கயிற்ஸில் இறங்கிய சொற்கள் அவருக்கு ஒன்ராறியோவில் வேலையை உறுதிப்படுத்திக் கொடுத்தன என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஒரு பிழை செய்தார்.

வீட்டுக்குள்ளால் மேலேறும் செங்கல் புகைக்கூடு ஒன்றைத் திருத்துகிறார்கள். செங்கல்லுக்கும் பக்கத்து மரச்சட்டத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெறுமையாக இருந்தது. ஊரில் ஒரு மேசனின் கைக்கு வெறுமை பிடிக்காது. இடைவெளி கண்டால் சாந்து போட்டு இறுக்குவதுதான் தொழில். இறுக்காத மேசனைக் கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள். அவரும் யாரும் சொல்லாமலே ஒரு பின்னேரம் முழுதும் அந்தச் சந்தைச் சாந்தால் நிரப்பி, அழகாக வழித்துவிட்டு நிமிர்ந்தார். போர்மன் வந்து பார்த்தவர் கத்தவில்லை. அலவாங்கை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் முழுதும், கூலியில்லாமல், போட்ட சாந்தையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது.

ஒன்ராறியோக் கட்டட விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டுக்குள் நிற்கும் செங்கல் புகைக்கூட்டுக்கும் எரியக்கூடிய சட்டத்துக்கும் நடுவே 50 மில்லிமீற்றர். கணப்படுப்பின் முதுகுக்கும் விலாவுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே, உள்வீட்டில், 100 மில்லிமீற்றர். அடுப்பு வாயைச் சுற்றி 150 மில்லிமீற்றருக்குள் மரமே கூடாது. மேலே அலங்காரத் தட்டு முன்னுக்குத் துருத்தி நின்றால் அதற்கு 300. இந்த எண்களைப் பாடமாக்குவது சிரமமில்லை. ஆனால் கல் நெருப்பை மறிக்கும், சூட்டை மறிக்காது என்பதைக் கைக்குப் பழக்குவதுதான் கஷ்டம். செங்கல் எரியாது, ஆனால் ஒரு இரவு முழுதும் அடுப்பு எரிந்தால் செங்கல்லின் மறுமுகமும் மெல்ல மெல்லச் சூடேறும். அங்கே மரம் தொட்டுக்கொண்டு நின்றால் அதற்குச் சூடு இறங்கும். இடையில் காற்று ஓட வழியிருந்தால், மரத்தைத் தொடுமுன் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சாந்து நிரப்பினால் சூட்டுக்குப் பாலம் போட்டது போல.

அதை அவர் கண்ணால் கண்டது ஒரு பழைய வீட்டில். கணப்படுப்பைப் பெருப்பித்துக் கட்டச் சொல்லி வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். முகப்புச் செங்கல்லைக் கழற்றியபோது, பின்னால் நின்ற மரச்சட்டம் கரியாய்ப் போயிருந்தது. தீ ஒருபோதும் பிடித்ததில்லை. சுவாலை அங்கே போனதே இல்லை. பல குளிர்காலங்களாகச் சூடு மட்டும் போய் வந்திருக்கிறது. மரம் வழமையாகத் தீப்பிடிக்கும் சூடு 250 பாகைக்குக் கிட்ட. ஆனால் வருடக்கணக்காகக் காய்ந்து கருகிய மரம் அதைவிட நன்றாகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். அந்தச் சட்டத்தில் ஆணியால் தட்டியபோது சிரட்டைக் கரிபோல உடைந்தது. அந்த வீட்டுக்காரர் அன்றைக்கு அடுப்பைப் பெருப்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இன்சேர்ட் போடச் சொன்னார்.

இன்சேர்ட் என்பது பழைய கணப்படுப்பின் குகைக்குள் செருகும் இரும்புப் பெட்டி. முகத்தில் கண்ணாடிக் கதவு. திறந்த கணப்படுப்பு பார்ப்பதற்கு அழகு. வீட்டைச் சூடாக்குவதில் மகா மோசம். அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுத்துப் புகைக்கூட்டால் வெளியே விடும். இன்சேர்ட் காற்றை அளந்து விடுவதால் விறகு குறையும், சூடு அறைக்குள் நிற்கும். பெட்டி வாங்கிச் செருகினால் முடிந்தது என்று நினைத்துத் தாங்களாகவே பொருத்தியவர்கள் அந்நாட்டில் ஏராளம். அவர்கள் விட்ட பிழைகளைத் திருத்தியே மேசன் தன் மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

பிழைகளில் முதன்மையானது புகை போகும் வழி. பழைய கணப்படுப்பின் புகைக்கூடு அகலமானது. இன்சேர்ட்டிலிருந்து வரும் புகையோ கொஞ்சம். அதில் சூடும் கொஞ்சம்தான். அகலக் குழாய்க்குள் அது சோம்பேறியாக ஏறும், குளிரும், தார்போலச் சுவரில் படியும். கிரியோசோட் என்பார்கள். ஒருநாள் அதில் தீப்பற்றினால் புகைக்கூட்டுக்குள் ரயில் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். சூடு ஆயிரம் பாகையைத் தாண்டும். உள்ளே பதித்த களிமண் குழாய்கள் வெடிக்கும். அப்போதுதான் அந்த 50 மில்லிமீற்றர் வெறுமை விட்டவரையும் நிரப்பியவரையும் பிரித்துக் காட்டும். ஆகவே இன்சேர்ட்டின் தலையிலிருந்து புகைக்கூட்டின் உச்சிவரை, நடுவில் எங்கும் நிற்காமல், துருப்பிடிக்கா உருக்குக் குழாய் இறக்க வேண்டும். பெரும்பாலும் ஆறங்குல விட்டம். அதைச் சுற்றிச் சூடு காக்கும் பஞ்சு. அடியில், பழைய புகைவாயை அடைக்க ஒரு தகடு. இவ்வளவும் செய்து முடித்தபின் முன்தரைக்கு வர வேண்டும். கதவு திறக்கும் பக்கம் எரியாத தளம் 450 மில்லிமீற்றர் நீண்டிருக்க வேண்டும், தணல் துள்ளி விழுவது கம்பளத்தில்தான் என்பதால்.

மேசனை அதிகம் வியப்பில் ஆழ்த்தியது தகட்டுக் கணக்கு. சோதித்துச் சான்றிதழ் பெறாத தனி விறகடுப்பை எரியும் சுவரிலிருந்து 1200 மில்லிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்கிறது கனடாவின் சி.எஸ்.ஏ. பி365 நியமம். நாலடி! சின்ன வீட்டில் அறையின் நடுவுக்கே அடுப்பு வந்துவிடும். ஆனால் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு அங்குலம் தள்ளி ஒரு மெல்லிய உலோகத் தகட்டை நிறுத்தி, கீழும் மேலும் காற்றுக்குத் திறந்துவிட்டால், அந்த 1200 மூன்றில் ஒன்றாக, 400 ஆகக் குறையும். அதே இடைவெளியோடு தகட்டுக்குப் பதில் செங்கல் கட்டினால் 600 தான். தகட்டைவிட நாலங்குலச் செங்கல் குறைந்த மதிப்பெண் வாங்கும் என்று சொன்னால் மாமா சாந்தகப்பையை எறிந்திருப்பார். காரணம் எளிது. தகடு சூட்டை வைத்துக்கொள்ளாது. வந்ததை இரண்டு பக்கமும் ஓடும் காற்றிடம் கொடுத்துவிடும். செங்கல் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்த பிறகும் பின்னுக்கு விட்டுக்கொண்டேயிருக்கும். தகட்டைப் பிடிக்கும் ஆணிகூட அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கக்கூடாது; அந்த ஆணியும் ஒரு பாலம்.

புகையைவிட மோசமானது மணமில்லாதது. ஒன்ராறியோவில் வூட்ஸ்டொக் என்ற ஊரில் 2008 டிசம்பரில் காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே காபனோரொட்சைட்டால் இறந்தது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் உறவினர் விடாமல் முயன்றதில் 2013இல் சட்டம் வந்தது. அடுப்போ கணப்போ உள்ள வீடுகளில் உறங்கும் இடத்துக்கு அருகே காபனோரொட்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் ஆயிற்று. மேசன் அந்தச் செய்தி வந்த காலத்திலிருந்து வேலை முடித்த எந்த வீட்டிலும், குசினிக் காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்புப் புகை உள்ளுக்குத் திரும்புகிறதா என்று பார்க்காமல் கூலி வாங்கியதில்லை. இறுக்க அடைத்த வீட்டில் காற்றாடி இழுத்தால் புகைக்கூடே தலைகீழாக வேலை செய்யும்.

2017இல் ஊருக்குத் திரும்பினார். திரும்பிய கையோடு வந்த முதல் வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வேலணைப் பக்கம் இரண்டு மாடி கட்டியிருந்தார். வரவேற்பறையில் கணப்படுப்பு. அதற்குள் செருக ஒரு இன்சேர்ட்டையும் கொள்கலனில் அனுப்பியிருந்தார். மார்கழி வாடைக்கு ஒரு போர்வை போதுமான தீவில்!

“இதை எதுக்கண்ணை எரிக்கப் போறியள்?”

“எரிக்கிறதுக்கில்லை தம்பி. பிள்ளையள் வந்தால் வீடு மாதிரி இருக்கும்.”

மேசன் மறுக்கவில்லை. பெட்டியைச் செருகி, உள்ளே செம்மஞ்சள் மின்குமிழ் பூட்டிக்கொடுத்தார். தான் பொருத்திய இன்சேர்ட்டுகளில் ஒருபோதும் தீப்பிடிக்காது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பார்.

ஐந்து வருடம் கழித்துத் தங்கையின் சுவரில் கைவைத்தபோதுதான் ரொறன்ரோவில் படித்தது ஊரில் தேவைப்பட்டது. ஆறங்குலச் சீமெந்துக்கல். இந்தப் பக்கம் ஒரு நாளைக்கு மூன்று தரம் நெருப்பு. அந்தப் பக்கம் பலகை அலுமாரி, அலுமாரிக்குள் சீலைகள். சீமெந்தும் நெருப்புக்குக் கெட்டிக்காரனில்லை. 400, 500 பாகைச் சூட்டில் அதன் கட்டு விட்டுப்போகும். பிறகு ஈரம் பட்டால் உதிரும். மேடையின் சீமெந்துப் பூச்சு ஏற்கெனவே சட்டிபோல வெடித்துச் சிலும்பு தெறித்திருந்தது.

இன்சேர்ட் வாங்கப் போக வேண்டியதில்லை; இலங்கைக்கென்றே ஒன்று இருக்கிறது. இலங்கை மின்சார சபையும் கண்டியிலிருந்து இயங்கிய ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கமும் வெளிநாட்டுத் தொழில்நுட்ப அமைப்பொன்றும் சேர்ந்து பரப்பிய அனகி அடுப்பு. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு மேலானது, மதிப்புள்ளது என்று பொருள். குயவர்கள் சுடும் இரண்டு வாய்க் களிமண் உருளை. முன்வாயில் விறகு, அதன் மேல் ஒரு சட்டி. எரிந்து மிஞ்சும் சுவாலை குறுக்குவழியால் பின்வாய்க்குப் போய் இரண்டாவது சட்டியைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறைவு, புகையும் குறைவு. அதை வெறுமனே வைத்தும் எரிக்கலாம். ஆனால் சுற்றிவரக் களிமண் கலவை பூசிப் பதித்தால் சூடு உள்ளே நிற்கும், உருளையும் நீண்ட நாள் உழைக்கும். மேசனின் கண்ணுக்கு அது களிமண்ணில் செய்த இன்சேர்ட்.

தங்கை வீட்டில் அவர் செய்தது இப்படி. மேடையில் அடுப்பை முன்னுக்கு இழுத்து வைத்தார். அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே செங்கல்லை விளிம்பில் நிறுத்தி மூன்றடி உயரத்துக்கு ஒரு மெல்லிய தட்டி கட்டினார். சுவரைத் தொடாமல், இரண்டு அங்குலம் விட்டு. அடியில் ஒன்றுவிட்டு ஒரு செங்கல் இல்லை. உச்சி திறந்தே கிடந்தது. தகடுதான் மேல் என்று அவருக்குத் தெரியாதா? கயிற்ஸ் உப்புக்காற்றில் சாதாரணத் தகரம் சீக்கிரமே கறள் பிடித்து ஓட்டையாகும் என்பதும் தெரியும். அதனால் செங்கல்லுக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கினார். அடியில் விட்ட துவாரங்களில் கம்பிவலை பதித்தார். எலி கூடுகட்டிப் பன்னாடையும் கந்தலும் சேர்த்தால் காற்றோடும் வழி தீயோடும் வழியாகிவிடும்.

கலவைக்குக் களிமண், மணல், சாணி. சீமெந்து ஒரு கரண்டிகூடச் சேர்க்க விடவில்லை. பூசி நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு நாளும் காவோலை கொளுத்துகிற அளவு சின்ன நெருப்பு மட்டும். அவசரப்பட்டுப் பெருநெருப்பு போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கலவையைப் பிளந்துகொண்டு வரும். தங்கைக்குப் பொறுமையில்லை. மூன்றாம் நாளே குத்தரிசி ஏற்றிவிட்டார், ஒரு மூலை வெடித்தது, மறுபடி பூசினார்கள்.

அடுத்தது புகைக்கூடு. மேலே அஸ்பெஸ்டஸ் சீற், அதைத் தாங்கும் பனஞ்சிலாகை. நெருப்பு அடித்தால் அஸ்பெஸ்டஸ் சீற் வெடி போட்டதுபோலச் சிதறும். அதை வெட்டும்போது பறக்கும் தூசியோ வேறு வகையில் ஆளைக் கொல்வது. ஆகவே நனைத்து, கைவாளால் மெதுவாக வெட்டி, துண்டுகளைப் பையில் கட்டிவைத்தார். சிலாகைக்கும் புகைக்கூட்டுக்கும் நடுவே அதே இரண்டு அங்குலம். கூரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதற்கும் கனடாக் கணக்கே: கூரையை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து மூன்றடி, பத்தடிக்குள் உள்ள எதையும்விட இரண்டடி. ஆனால் அந்தக் கணக்கு எழுதியவர்களுக்குச் சோளகம் தெரியாது. வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பி அமுக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை எதிர்ப்பக்கமிருந்து அதையே செய்யும். எனவே உச்சியில் தொப்பி வைத்து, வடமேற்கும் தென்கிழக்கும் மட்டும் திறந்துவிட்டார். பொறி பறந்து பக்கத்து வளவுக் கிடுகு வேலியில் விழாமல் அதற்கும் வலை. இந்தத் தொப்பியை ஊர்ப் பழைய மேசன்மார் தெரிந்தே வைத்திருந்தார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தார். கரம்பனில் இடிந்த ஒரு வீட்டுப் புகைக்கூட்டின் உச்சியும் இரண்டு பக்கம்தான் திறந்திருந்தது.

தங்கை எரித்த விறகில் மட்டும் ஒன்றைத் தடுத்தார். கரையொதுங்கும் தடிகளும் உடைந்த வள்ளப் பலகைகளும். கடலில் ஊறிய மரம் நீலமும் பச்சையுமாக அழகாக எரியும். அதிலிருக்கும் உப்பு எரியும்போது அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ரொறன்ரோவில் துருப்பிடிக்கா உருக்குக் குழாயையே தின்றுவிடும் என்று எச்சரிப்பார்கள். வள்ளப் பலகையில் நிறப்பூச்சு வேறு. அந்தப் புகையைச் சோற்றுப் பானையருகே நின்று மூச்சில் இழுப்பது பெண்கள்தான்.

வேலை முடிந்து முழு நெருப்பில் ஒரு நாள் சமைத்தபின் மேசன் மறுபடி பக்கத்து அறைக்குப் போனார். சுவரில் கைவைத்தார். இருபது எண்ணினார், முப்பது எண்ணினார். குசினியிலிருந்து தங்கையும் வந்து பக்கத்தில் தன் கையை வைத்தார்.

“பிறகேன் அண்ணை அலுமாரியை முன்னுக்கு விட்டிருக்கிறியள்? பழைய இடத்திலை தள்ளி விடுங்கோவன்.”

“அது அங்கையே நிக்கட்டும்.”

காஸ் வந்துவிட்டது. தங்கை தேநீருக்கும் பொரியலுக்கும் காஸ் அடுப்பையும், சோற்றுக்கும் கூழுக்கும் களிமண் அடுப்பையும் பாவிக்கிறார். சிலிண்டர் குசினிக்கு வெளியே, சுவருக்கு அப்பால், நிழலில் நிற்கிறது. அலுமாரி இன்னும் ஒரு முழம் முன்னுக்குத்தான். 2022க்குப் பிறகு தீவுப்பகுதியில் பல வீடுகளில் விறகடுப்பு இப்படிச் சுவரோரம் குடியேறி, காஸ் வந்த பிறகும் போகாமல் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், இன்றிரவு சமைத்து முடித்ததும் மறுபக்கத்து அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணுமுன் எடுக்க வேண்டி வந்தால், அங்கே சாத்தியிருப்பது அலுமாரியோ கட்டிலோ பாயோ, அதை முதலில் நகர்த்துங்கள். மேசனைக் காலையில் கூப்பிடலாம்.